வானிலையை எத்தனை நாட்களுக்கு முன்னரே அறிய முடியும்?
ஒழுங்கின்மைக் கோட்பாடும் முன்னறிவிப்பின் எல்லையும்

1987 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் தேதி நண்பகலில் பிபிசி தொலைக்காட்சியில் வானிலை அறிக்கையை வழங்கிய மைக்கேல் ஃபிஷ், சூறாவளி ஒன்று வருவதாகக் கேள்விப்பட்டு ஒரு பெண்மணி தொலைபேசியில் விசாரித்ததாகவும், அப்படி எதுவும் வரவில்லை என்பதால் கவலைப்பட வேண்டாம் என்றும் நேயர்களிடம் கூறினார். பலத்த காற்று வீசும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அதன் பெரும்பகுதி ஸ்பெயின், பிரான்ஸ் பக்கமாகவே இருக்கும் என்பது அன்றைய கணிப்பு.

அன்றிரவும் மறுநாள் விடியற்காலையிலும் வீசிய புயல் தென்கிழக்கு இங்கிலாந்தைப் புரட்டிப் போட்டது. பிரிட்டனில் 18 பேரும் பிரான்ஸில் 4 பேரும் உயிரிழந்தனர். சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. ஏழு ஓக் மரங்களால் பெயர் பெற்ற செவன்ஓக்ஸ் நகரில் அந்த ஏழில் ஆறு மரங்கள் ஒரே இரவில் விழுந்தன.

தாம் குறிப்பிட்டது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை நோக்கிய சூறாவளியையே என்று ஃபிஷ் பின்னர் விளக்கமளித்தார். ஆனால் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் எழுப்பிய கேள்வி வேறு: இவ்வளவு பெரிய புயலை ஒரு வல்லரசின் வானிலை நிலையம் எப்படித் தவறவிட்டது?

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. புயலுக்கு நான்கைந்து நாட்கள் முன்னதாகவே, அந்த வாரத்தின் வியாழன் அல்லது வெள்ளிக்கிழமையில் கடுமையான வானிலை நிலவக்கூடும் என்று பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தனர். நாள் நெருங்க நெருங்கக் கணினிக் கணிப்புகள் தெளிவடைவதற்குப் பதிலாகக் குழம்பின. ஐந்து நாள் முன்பு தெரிந்தது, ஒரு நாள் முன்பு தெரியாமல் போனது ஏன்? அதற்கான விடை, ஆய்வாளர்களின் திறமையையோ கணினியின் வேகத்தையோ மட்டும் பொறுத்ததல்ல. வளிமண்டலத்தின் இயல்பிலேயே அது அடங்கியிருக்கிறது. அந்த இயல்பை விளக்குவதுதான் ஒழுங்கின்மைக் கோட்பாடு.

கணக்கிட்டால் அறியலாம் என்ற நம்பிக்கை

பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814 ஆம் ஆண்டில் முன்வைத்த ஒரு கருத்து, அடுத்த நூற்றாண்டு அறிவியலின் அடித்தளமாக இருந்தது. உலகில் உள்ள எல்லாப் பொருட்களின் இன்றைய நிலையையும் அவற்றின்மேல் செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலத்தைப் போலவே தெளிவாகத் தெரியும் என்பது அக்கருத்தின் சாரம். கிரகணங்களை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணிக்க முடிந்தது இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது.

கிரகணத்தைக் கணிக்க முடியுமென்றால் மழையைக் கணிக்க முடியாதா? காற்றும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதானே? நார்வே நாட்டு அறிவியலாளர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1904 இல் இந்த வாதத்தையே முன்வைத்தார். வளிமண்டலத்தின் இன்றைய நிலையைப் போதிய துல்லியத்துடன் அளந்து, அதன் மாற்றங்களை ஆளும் சமன்பாடுகளைத் தீர்த்தால், நாளைய நிலை கிடைத்துவிடும் என்றார் அவர்.

அதை முதன்முதலில் கையால் கணக்கிட்டுப் பார்த்தவர் ஆங்கிலேயரான லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் காயமடைந்தோரை ஏற்றிச் செல்லும் வாகனப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, 1910 மே 20 ஆம் தேதிக்குரிய ஐரோப்பிய வானிலையை அவர் பின்னோக்கிக் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. இந்தத் தோல்வியை மறைக்காமல் 1922 இல் அவர் நூலாக வெளியிட்டார். உலகின் வானிலையை நேரத்தோடு கணக்கிட்டுச் செல்ல 64,000 மனிதக் கணக்கர்கள் தேவைப்படுவார்கள் என்றும் அதில் மதிப்பிட்டார்.

அந்தக் கணக்கர்களின் இடத்தைப் பின்னர் மின்னணுக் கணினி பிடித்தது. 1950 ஆம் ஆண்டில் ஜூல் சார்னி, ஜான் வான் நாய்மன் உள்ளிட்ட குழுவினர் அமெரிக்க இராணுவத்தின் எனியாக் கணினியில் முதல் வானிலைக் கணிப்புகளைச் செய்தனர். 24 மணி நேர முன்னறிவிப்பைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது. இருந்தாலும் விடைகள் நம்பிக்கையூட்டின. இன்னும் வேகமான கணினி, இன்னும் துல்லியமான அளவீடு ஆகிய இரண்டும் இருந்தால் மாதக்கணக்கில் முன்னறிவிக்கலாம் என்ற எண்ணம் பரவியது.

மூன்று தசம இலக்கங்கள்

அந்த எண்ணத்தை மாற்றியவர் எட்வர்ட் லொரென்ஸ். 1917 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த அவர், கணிதம் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு வானிலை கணித்துத் தந்தவர். போருக்குப் பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார்.

1961 இல் அவர் மேசை அளவிலான ஒரு கணினியில், 12 மாறிகளை மட்டுமே கொண்ட எளிய செயற்கை வானிலை ஒன்றை இயக்கி வந்தார். ஒரு நாள், முன்பு ஓடிய கணக்கின் ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பி, அச்சிட்ட தாளில் இருந்த எண்களையே இடையிலிருந்து உள்ளிட்டார். இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு கோப்பை காபி அருந்தச் சென்றார். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, கணினி இரண்டு மாத வானிலையை ஓட்டி முடித்திருந்தது. அது முன்பு கிடைத்த வானிலையோடு சற்றும் பொருந்தவில்லை.

கணினியின் குழாய்களில் ஒன்று பழுதாகியிருக்கும் என்றே அவர் முதலில் நினைத்தார். ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. கணினி தன் நினைவகத்தில் ஆறு தசம இலக்கங்களை வைத்திருந்தது. அச்சிட்ட தாளிலோ இடம் கருதி மூன்று இலக்கங்களே இருந்தன. 0.506127 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.506 என்று கொடுக்கப்பட்டிருந்தது.

இந்த வேறுபாடு ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய அளவு அது. ஆனால் லொரென்ஸின் செயற்கை வானிலையில், ஒரு வேறுபாடு நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரு மடங்காகிக்கொண்டே சென்றது. 2, 4, 8, 16 என்று 12 முறை இரட்டித்தால் 4,096 வந்துவிடும். 12 முறை இரட்டிக்க 48 நாட்கள் போதும். அதாவது, நாலாயிரத்தில் ஒரு பங்காகத் தொடங்கிய பிழை, இரண்டு மாதம் முடிவதற்குள் வானிலையின் முழு அளவுக்கே வளர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் அந்தக் கணிப்பும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊகமும் ஒன்றுதான்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லொரென்ஸின் சமன்பாடுகளில் தற்செயல் என்பதற்கு இடமே இல்லை. ஒரே தொடக்கத்தைத் துல்லியமாகக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும். விதிகள் முழுமையாகத் தெரிந்திருந்தும், தொடக்க நிலையை எல்லையற்ற துல்லியத்துடன் அளக்க இயலாததால், நெடுங்காலக் கணிப்பு இயலாமற் போகிறது. கோட்பாட்டின் பெயரில் உள்ள ஒழுங்கின்மை என்பது விதியற்ற நிலையைக் குறிப்பதல்ல. விதிக்கு உட்பட்டும் கணிப்புக்கு எட்டாத நிலையையே அது குறிக்கிறது.

மூன்று விண்பொருட்களின் இயக்கத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி போன்காரே, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த இயல்பை உணர்ந்திருந்தார். ஆனால் அதைக் கணினியில் கண்கூடாகக் காட்டி, வானிலையோடு இணைத்தவர் லொரென்ஸ்தான். மாறிகளை மூன்றாகக் குறைத்து அவர் 1963 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பத்தாண்டுக்கும் மேலாக வானிலைத் துறைக்கு வெளியே அதிகம் கவனிக்கப்படவில்லை. இன்று அது 20 ஆம் நூற்றாண்டின் முக்கிய அறிவியல் ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்தக் கணக்குகளைக் கணினியில் இயக்கிய எல்லன் ஃபெட்டர், மார்கரெட் ஹாமில்டன் ஆகிய இரு பெண்களின் பங்கு, அண்மைக் காலத்தில்தான் பரவலாகப் பேசப்படத் தொடங்கியது. ஹாமில்டன் பின்னர் நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கியவர்.

வண்ணத்துப்பூச்சி செய்வதும் செய்யாததும்

1972 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த அறிவியல் மாநாட்டில் லொரென்ஸ் உரையாற்றினார். பிரேசிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சுழற்காற்று உருவாகுமா என்ற கேள்வியே அவ்வுரையின் தலைப்பு. அத்தலைப்பை வைத்தவர் அவரல்ல, மாநாட்டு அமர்வை ஏற்பாடு செய்த பிலிப் மெரிலீஸ் என்ற வானிலையியலாளர். லொரென்ஸ் அதற்கு முன் எடுத்தாண்ட உவமையில் இருந்தது கடற்புறா.

வண்ணத்துப்பூச்சி விளைவு என்ற சொற்றொடர் பின்னர் திரைப்படங்களுக்கும் தன்னம்பிக்கை நூல்களுக்கும் சென்றது. சிறு செயல் பெரிய விளைவைத் தரும் என்பதாக அதன் பொருளும் சுருங்கியது. லொரென்ஸ் சொன்னது அதுவல்ல. ஒரு சிறகடிப்பு சுழற்காற்றை உண்டாக்கக் கூடுமென்றால், அதே அளவுக்கு அதைத் தடுக்கவும் கூடும் என்று அவர் அவ்வுரையிலேயே சுட்டிக்காட்டினார். கோடிக்கணக்கான சிறகடிப்புகளில் எது எந்தப் புயலுக்குக் காரணம் என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆண்டுகள் பல கடந்தாலும் வண்ணத்துப்பூச்சிகளால் சுழற்காற்றுகளின் மொத்த எண்ணிக்கை கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. அவை எந்த நாளில், எந்த ஊரில் வரும் என்ற வரிசை மட்டுமே மாறும்.

சிறு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெருவிளைவைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு நேர் எதிரான செய்தி இது.

இரண்டு வாரம் என்ற எல்லை

அப்படியானால் உண்மையான வளிமண்டலத்தில் எல்லை எங்கே இருக்கிறது?

1969 இல் லொரென்ஸ் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு விடை தேடியது. வளிமண்டலத்தில் ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள காற்றழுத்த மண்டலங்களும் உள்ளன, சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகங்களும் உள்ளன, தெருமுனையில் தூசியைச் சுழற்றும் சிறு சுழல்களும் உள்ளன. அளவு குறையக் குறைய, பிழை வளரும் வேகம் கூடுகிறது. பெரிய மண்டலங்களில் பிழை இரட்டிக்க ஒன்றிரண்டு நாட்கள் ஆகுமென்றால், இடிமேகத்தில் ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ போதும். சிறியதில் தோன்றும் பிழை சற்றுப் பெரியதற்கும், அதிலிருந்து இன்னும் பெரியதற்கும் ஏறிச் செல்கிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அளவீட்டை ஒருமுறை இரு மடங்கு நுட்பமாக்கினால் நான்கு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் இரு மடங்கு நுட்பமாக்கினால் இரண்டு நாள், அதற்கடுத்து ஒரு நாள், பிறகு அரை நாள், கால் நாள் என்று ஆதாயம் குறைந்துகொண்டே போகும். இவற்றை முடிவின்றிக் கூட்டினாலும் மொத்தம் எட்டு நாளைத் தாண்டாது. உலகின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கருவியை நிறுவினாலும் தாண்ட முடியாத சுவர் ஒன்று இருக்கிறது என்பதே அந்த ஆய்வு சொன்ன செய்தி.

நடுநிலக்கோட்டுப் பகுதிகளின் அன்றாட வானிலைக்கு அந்தச் சுவர் சுமார் இரண்டு வாரங்களில் நிற்கிறது என்பது 1960 களிலிருந்தே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. 2019 இல் ஃபுசிங் ஜாங் தலைமையிலான குழுவினர், ஐரோப்பிய, அமெரிக்க வானிலை மையங்களின் நவீன மாதிரிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். தொடக்க நிலை அளவீட்டுப் பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்றைய முன்னறிவிப்பு அதிகபட்சமாக ஐந்து நாட்கள் நீளலாம், அதற்கப்பால் எல்லை ஏறக்குறைய இரண்டு வாரத்திலேயே நிற்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

சுவர் இருப்பதால் முன்னேற்றம் இல்லை என்று பொருளல்ல. கடந்த சில பத்தாண்டுகளில், ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் முன்னறிவிப்பின் திறன் கூடிவந்திருக்கிறது. முன்பு மூன்று நாள் கணிப்புக்கு இருந்த நம்பகத்தன்மை, நாற்பது ஆண்டுகள் கழித்து ஏழு நாள் கணிப்புக்கு இருக்கிறது என்று இதைச் சொல்லலாம். செயற்கைக்கோள் தகவல்கள், அவற்றைக் கணிப்பில் இணைக்கும் முறைகள், மீக்கணினிகள் ஆகிய மூன்றும் இதற்குக் காரணம்.

ஒரு விடைக்குப் பதில் ஐம்பது

பிழையை ஒழிக்க முடியாது என்றால், அதை அளந்து சொல்லலாம் அல்லவா? 1990 களில் வானிலைத் துறையில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் இந்த எண்ணத்திலிருந்தே பிறந்தது.

கணினியை ஒருமுறை மட்டும் ஓட்டி ஒரே விடையைப் பெறுவதற்குப் பதிலாக, தொடக்க நிலையில் சிறுசிறு மாற்றங்களைச் செய்து பலமுறை ஓட்டுவது இந்த முறை. எல்லா ஓட்டங்களும் ஏறக்குறைய ஒரே விடையைத் தந்தால் கணிப்பை நம்பலாம். விடைகள் சிதறினால், வளிமண்டலம் அன்று நிலையற்றிருக்கிறது, எச்சரிக்கையாகப் பேச வேண்டும் என்று பொருள். இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பிய இடைக்கால வானிலைக் கணிப்பு மையமும், அமெரிக்க வானிலைச் சேவையும் 1992 டிசம்பரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இன்று ஐரோப்பிய மையம் ஒவ்வொரு தடவையும் ஓர் அடிப்படைக் கணிப்பையும், மாற்றியமைத்த 50 கணிப்புகளையும் சேர்த்து ஓட்டுகிறது.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரான டிம் பால்மரும் சக ஆய்வாளர்களும், 1987 ஆம் ஆண்டுப் புயலை இதே வழியில் பின்னோக்கிச் சோதித்தனர். புயலுக்கு இரண்டரை நாளுக்கும் சற்று முன்னதான நிலையிலிருந்து ஐம்பது கணிப்புகளை ஓட்டியபோது, சிலவற்றில் பெரும்புயல் தென் இங்கிலாந்தைத் தாக்கியது. சிலவற்றில் சாதாரணக் காற்றே வீசியது. அந்த நாளின் வளிமண்டலம் வழக்கத்துக்கு மாறாக நிலையற்றிருந்தது என்பதற்கு அதுவே சான்று. கடும்புயல் வரும் என்றோ வராது என்றோ உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வருவதற்குக் கணிசமான வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்க முடியும். மக்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

வாய்ப்பைத் தீர்மானமாக்குவது யார்?

அறிவியலின் பகுதி இங்கே முடிந்து, அரசின் பகுதி தொடங்குகிறது. ஒரு கணிப்பு 30 சதவீதம் என்று சொல்லலாம். பள்ளிகளை 30 சதவீதம் மூட முடியாது. ஊரை வெளியேற்றுவது, அணையைத் திறப்பது, இரயிலை நிறுத்துவது எல்லாம் ஆம் அல்லது இல்லை என்ற முடிவுகள்.

2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி அட்லாண்டிக் கடலில் இருந்தபோது, அது வழக்கத்துக்கு மாறாக மேற்கே திரும்பி அமெரிக்கக் கரையைத் தாக்கும் என்று ஐரோப்பிய மையத்தின் கணிப்பு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே காட்டியது. அமெரிக்க மாதிரி பல நாட்கள் வரை அதைக் கடலுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 ஆம் தேதி புயல் நியூ ஜெர்சியில் கரையைக் கடந்தது. ஐரோப்பிய மாதிரியின் புகழ் உயர்ந்தது.

2015 ஜனவரியில் நிலைமை மாறியது. நியூயார்க்கில் 50 முதல் 75 செ.மீ. வரை பனி பொழியும் என்று அறிவிக்கப்பட்டது. பனிப்பொழிவை முன்னிட்டு நகரின் சுரங்க இரயில் சேவை அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக நிறுத்தப்பட்டது. புயலின் பாதை சில பத்து கிலோமீட்டர்கள் கிழக்கே விலகியதால், மத்தியப் பூங்காவில் சுமார் 25 செ.மீ. பனியே பதிவானது. பாஸ்டன் நகரிலோ 60 செ.மீ.க்கு மேல் பொழிந்தது. இம்முறை நியூயார்க் நகருக்கு மிகையான பனியைக் காட்டியது ஐரோப்பிய மாதிரி. ஒரு மாதிரியின் ஒரு வெற்றியை வைத்து அடுத்த புயலுக்கும் அதையே நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரு நிகழ்வுகளும் காட்டின.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 2023 டிசம்பரில் எழுந்த சர்ச்சையும் இந்த வகையைச் சேர்ந்ததே. டிசம்பர் 18 ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஓராண்டு முழுவதும் அங்கு பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தால் சூழப்பட்டுத் தவித்தனர். மழையின் அளவுக்கேற்ற எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று மாநில அரசும், பல நாட்களுக்கு முன்பே எச்சரித்துவிட்டோம் என்று மத்திய அரசும் கூறின.

இரு தரப்பும் பேசியது இருவேறு கணிப்புகளைப் பற்றி என்பது இந்த வாதத்தில் மறைந்துபோனது. தென்கோடி மாவட்டங்களில் மிகக் கனமழை பெய்யும் வாய்ப்பு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளவிலான கணிப்பு. அது சில நாட்களுக்கு முன்பே தெரியக்கூடியது. ஒரு குறிப்பிட்ட ஊரின்மேல் மழைமேகங்கள் நகராமல் நின்று 95 செ.மீ. கொட்டும் என்பது சில கிலோமீட்டர் அளவிலான கணிப்பு. பிழை மணிக்கணக்கில் இரட்டிக்கும் அந்த அளவில், ரேடார் காட்டும் சில மணி நேரத்துக்கு அப்பால் உறுதியான எண் கிடைப்பதில்லை. முதல் கணிப்பு கிடைத்ததுமே எதைச் செய்வது, இரண்டாவது கிடைக்கும்வரை எதற்குக் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே வகுத்து வைப்பது நிர்வாகத்தின் பணி. அதை வகுக்காத இடங்களில், வெள்ளம் வடிந்தபின் வானிலை மையத்தின் எச்சரிக்கைத் தேதிகளே விவாதப் பொருளாகின்றன.

செயற்கை நுண்ணறிவு எல்லையைத் தகர்க்குமா?

2023 முதல் வானிலைத் துறையில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. சீனாவின் ஹுவாவே நிறுவனம் உருவாக்கிய பங்கு-வெதர், கூகுள் டீப்மைண்ட் உருவாக்கிய கிராஃப்காஸ்ட் ஆகியவை, இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்க்காமல், சுமார் நாற்பது ஆண்டுகால வானிலைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கின்றன. மீக்கணினிகள் மணிக்கணக்கில் செய்வதை இவை சில நிமிடங்களில் முடிக்கின்றன. பல அளவுகோல்களில் பழைய மாதிரிகளை முந்தவும் செய்கின்றன. ஐரோப்பிய மையமும் 2025 பிப்ரவரியில் தனது செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

எனினும் வேகம் வேறு, எல்லை வேறு. ஜெர்மனியைச் சேர்ந்த செல்ஸ், கிரெய்க் ஆகிய ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஒரு மாதிரிக்கு மிகச் சிறிய தொடக்கப் பிழையைக் கொடுத்துப் பார்த்தனர். இயற்பியல் மாதிரிகளில் அத்தகைய பிழை தொடக்கத்தில் மிக வேகமாக வளரும். புதிய மாதிரியில் அது அவ்வாறு வளரவில்லை. வண்ணத்துப்பூச்சி விளைவை அந்த மாதிரி வென்றுவிட்டது என்பதல்ல இதன் பொருள். அந்த விளைவை அது அறியவே இல்லை என்பதுதான். ஒரு மாதிரி தடுமாறாமல் பேசுவதால் மட்டும் வளிமண்டலம் தடுமாறாமல் இருந்துவிடப் போவதில்லை. எனவேதான் செயற்கை நுண்ணறிவிலும் பல கணிப்புகளை ஒருங்கே ஓட்டும் முறையை இப்போது மையங்கள் பின்பற்றத் தொடங்கியுள்ளன.

வானிலையும் பருவநிலையும்

அடுத்த மாதம் மழை பெய்யுமா என்று சொல்ல முடியாதவர்கள், நூறாண்டு கழித்து புவி வெப்பமடையும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பருவநிலை மாற்றத்தை ஏற்க மறுப்போர் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது.

இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதே விடை. பகடையை அடுத்தமுறை உருட்டினால் என்ன எண் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பகடையின் ஒரு பக்கத்தில் ஈயத்தை ஒட்டிவிட்டால், ஆயிரம் முறை உருட்டும்போது எந்த எண் கூடுதலாக விழும் என்று சொல்லிவிடலாம். வானிலை என்பது அடுத்த உருட்டல். பருவநிலை என்பது பகடையின் எடை. வளிமண்டலத்தில் கரியமில வாயுவைச் சேர்ப்பது ஈயத்தை ஒட்டுவதற்கு ஒப்பானது. நாளுக்கு நாள் மாறும் வானிலையின் அலைக்கழிவுகளுக்கு நடுவேயும் இந்தப் பெரும்போக்கை எவ்வாறு பிரித்தறிவது என்பதைக் கணிதரீதியாகக் காட்டிய கிளாஸ் ஹாசல்மன், பருவநிலை மாதிரிகளின் முன்னோடியான சியூகுரோ மனாபே ஆகியோருக்கு 2021 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசில் பங்கு வழங்கப்பட்டது.

எல்லைக்குள் உள்ள இடம்

எட்வர்ட் லொரென்ஸ் 2008 ஏப்ரல் 16 ஆம் தேதி தமது 90 ஆவது வயதில் காலமானார். அவர் சுட்டிய எல்லை இன்றளவும் தகர்க்கப்படவில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கும் இடத்தை உலகம் முழுமையாகப் பயன்படுத்துகிறதா என்பதே இன்று எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி.

1999 அக்டோபரில் ஒடிஷாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையை பைலின் என்ற கடும்புயல் தாக்கியபோது உயிரிழந்தோர் சில பத்துப் பேரே. சுமார் 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் வளிமண்டலத்தின் இயல்பு மாறிவிடவில்லை. கணிப்பு மேம்பட்டது, அதைவிட முக்கியமாக, கணிப்பைக் கேட்டுச் செயல்படும் அமைப்பு உருவானது. புயல் காப்பகங்கள் கட்டப்பட்டிருந்தன. எந்த ஊரை எங்கே கொண்டுசெல்வது என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

இந்த அமைப்பு எல்லா நாடுகளிலும் இல்லை. உலகிலுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் 2027 ஆம் ஆண்டின் இறுதிக்குள் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. தலைமைச் செயலாளர் அந்தோனியோ குத்தேரஸ் 2022 மார்ச்சில் அறிவித்தார். போதிய வானிலை நிலையங்களோ ரேடார்களோ இல்லாத வறிய நாடுகளில், இரண்டு வார எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன், இரண்டு நாள் எச்சரிக்கையே மக்களைச் சென்றடைவதில்லை. அங்கே ஏற்படும் உயிரிழப்புகளுக்கு ஒழுங்கின்மைக் கோட்பாட்டைக் காரணம் காட்ட முடியாது.

முன்னறிவிப்பைக் கேட்போருக்கும் இதில் பங்கு உண்டு. 70 சதவீத வாய்ப்பு என்று சொல்லப்பட்ட நாளில் மழை பெய்யாவிட்டால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று முடிவு செய்வது தவறு. அவ்வாறு சொல்லப்பட்ட பத்து நாட்களில் ஏழு நாள் பெய்ததா என்பதுதான் சரியான சோதனை. வராத புயலுக்காக ஒருமுறை வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் அதை ஏமாற்றமாக எண்ணி, அடுத்த எச்சரிக்கையைப் புறக்கணித்தால், அதன் விலை மிக அதிகமாக இருக்கக்கூடும்.

எதிர்காலத்தை உறுதியாகச் சொல்லும் குரலுக்கே மக்களிடம் மதிப்பு அதிகம். வானிலை அறிவியல் கடந்த அறுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டது, தனக்கு எவ்வளவு தெரியும் என்பதோடு எவ்வளவு தெரியாது என்பதையும் எண்ணால் சொல்வதை. அந்த எண்ணைக் கேட்டு, உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் செயல்படக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அரசுகளும் மக்களும்தான்.